பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன், வயது 72. என் பெரியண்ணன் 1960-களில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அங்கேயே பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கினார். 1967 ஜனவரியில் அவர்கள் ராணுவத்தில் கட்டாயச் சேவைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1967 டிசம்பரிலிருந்து 1968 டிசம்பர் வரை வியட்நாமில் இருந்தார். பொறியாளர் படையில் சாலையில் கண்ணிவெடி தேடி எடுக்கிற வேலை. 1968 மார்ச்சில் ஒன்று வெடித்து இடது தோளில் இரும்புத் துண்டுகள் ஏறிவிட்டன. கள மருத்துவமனையில் எடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் தாளில், காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இல்லை. காலாட்படைக்காரர்களுக்குக் கொடுக்கும் சிஐபி பேட்ஜும் இல்லை, 'அவனுங்களோட சேர்ந்துதானே நானும் சுட்டேன்' என்கிறார். ஓர் அதிகாரி வீரப் பதக்கத்துக்குச் சிபாரிசு எழுதுவதாகச் சொன்னாராம், அதுவும் வரவில்லை. அண்ணி காலமான பிறகு இங்கேயே வந்து எங்களோடு இருக்கிறார், 79 வயது. 'நான் போறதுக்குள்ள அந்தத் தாளைச் சரி பண்ணிக் குடுடா' என்கிறார். கோப்பிக் கடையில் ஒருவர் அந்த ரெக்கார்டெல்லாம் தீயில் எரிந்துபோச்சு, வீண் வேலை என்கிறார். இன்னொருவர் ஏஜெண்டு இருக்கிறார், மூவாயிரம் வெள்ளி கொடுத்தால் முடித்துத் தருவார் என்கிறார். என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

பதில்: ஐயா, ஏஜெண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பதிவைத் திருத்தக் கேட்பதற்கு அமெரிக்க ராணுவம் ஒரு காசு வாங்குவதில்லை. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ, டிஏவி மாதிரி அங்குள்ள முன்னாள் வீரர் சங்கங்கள் இலவசமாகவே செய்து கொடுக்கின்றன. மூவாயிரம் வெள்ளியை அண்ணனுடைய மருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீ விபத்து உண்மைதான். 1973 ஜூலை 12-ம் தேதி மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பெரிய தீ பிடித்தது, ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. ஆனால் தரைப்படையில் எரிந்தது 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் பணியை விட்டவர்களுடைய கோப்புகள். அண்ணன் வெளியே வந்தது 1968 கடைசியில். கோப்பிக் கடை நண்பர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பாதி உங்கள் அண்ணனைத் தொடாத பாதி.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார், அதைப் பிரித்தால்தான் வேலை நடக்கும். அவர் கேட்கிற மூன்றும் மூன்று விதமானவை. அவர் கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் சுலபமாகக் கிடைக்கும், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

டிஸ்சார்ஜ் தாள் என்று நீங்கள் சொல்வது டிடி 214 என்ற படிவம். அதில் 24-வது கட்டத்தில் பதக்கங்கள் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். வியட்நாம் சர்வீஸ் மெடல் என்று மட்டும் வெறுமனே இருக்கிறதா? அந்தப் போரை அமெரிக்க ராணுவம் 17 படையெடுப்புக் காலங்களாகப் பிரித்திருக்கிறது, அங்கிருந்தபோது எத்தனை காலங்கள் ஓடினவோ அத்தனை வெண்கல நட்சத்திரம் அந்தப் பதக்கத்தின் ரிப்பனில் குத்தலாம். அண்ணனுடைய தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். 1968 ஜனவரி 29 வரை ஓடியது ஒன்று, அடுத்து ஏப்ரல் 1 வரை டெட் (வியட்நாம் புத்தாண்டு) தாக்குதல் காலம், பிறகு ஜூன் 30 வரை ஒன்று, நவம்பர் 1 வரை ஒன்று, நவம்பர் 2-ல் தொடங்கியது ஒன்று, ஆக ஐந்து. ஐந்து வெண்கலத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளி நட்சத்திரம் வைப்பது அவர்கள் வழக்கம். இதோடு இன்னொன்று இருக்கிறது. தென் வியட்நாம் அரசு கொடுத்த வீரச் சிலுவை, பனையோலைச் சின்னத்தோடு, படைப்பிரிவுப் பாராட்டாக, அங்கே பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் உண்டு என்று 1974-ல் 8-ம் எண் பொது உத்தரவு போட்டார்கள். 1968-ல் தட்டச்சு செய்த தாளில் 1974 உத்தரவு எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் ஊர் திரும்பிய எத்தனையோ பேருடைய தாளில் இது இருக்காது. இதற்கெல்லாம் சாட்சி, சான்று எதுவும் தேட வேண்டாம், அவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அங்கே இருந்தார் என்பது கோப்பில் இருந்தால் போதும். இவற்றைச் சேர்த்து டிடி 215 என்று ஒரு திருத்தத் தாள் வரும். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்துத் தரமாட்டார்கள், இதை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து சிஐபி பேட்ஜ். இதில் ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை, கிடைக்காது. சண்டையில் இருந்தால் மட்டும் அந்த பேட்ஜ் வந்துவிடாது. ஆள் காலாட்படைத் தொழில் எண் உள்ளவராக இருக்க வேண்டும், காலாட்படைப் பிரிவில் இருக்க வேண்டும், சண்டையும் நடந்திருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் உண்டு. உங்கள் அண்ணன் பொறியாளர் படை. காலாட்படைக்கு முன்னால் நடந்து கண்ணிவெடி எடுத்தவனுக்கு இல்லாமல் பின்னால் வந்தவனுக்கு மட்டும் பேட்ஜா என்று கேட்டால் நியாயமான கேள்விதான், எனக்கும் அந்த விதி பிடிக்கவில்லை. ஆனால் விதி அது. காலாட்படை அல்லாதவர்களுக்கென்று பிற்காலத்தில் வேறொரு சண்டை பேட்ஜ் கொண்டுவந்தார்கள், அது 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய சண்டைகளுக்கு மட்டும்தான். அதனால் விண்ணப்பத்தில் சிஐபியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிடைக்காத ஒன்றையும் கூடவே கேட்டால், படிக்கிறவர் மற்றதையும் அதே கண்ணோடுதான் படிப்பார்.

மூன்றாவது, அந்த அதிகாரி எழுதுவதாகச் சொன்ன சிபாரிசு. உண்மையிலேயே எழுதினாரா, அல்லது கூடாரத்தில் பீர் குடித்துக்கொண்டு சொன்ன பேச்சா? எழுதியிருந்தால் அதன் பிரதி எங்காவது வேண்டும். எழுதவே இல்லையென்றால் இப்போது புதிதாக எழுத வேண்டும், சம்பவத்தை நேரில் அறிந்த அதிகாரி எழுத வேண்டும், காலக்கெடு தாண்டிவிட்டதால் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் அனுப்ப முடியும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அண்ணன் கடைசியாகக் குடியிருந்த தொகுதியின் உறுப்பினரிடம் கேட்கலாம். அந்த அதிகாரி உயிரோடு இருந்தால் முயலுங்கள், இல்லையென்றால் இதில் நேரம் போக்காதீர்கள்.

பர்ப்பிள் ஹார்ட்தான் உங்களுடைய உண்மையான வழக்கு. அது வீரத்துக்குக் கொடுக்கிற பதக்கம் இல்லை, எதிரியால் பட்ட காயத்துக்குக் கொடுப்பது. யாரும் சிபாரிசு செய்து தரவேண்டியதும் இல்லை, தகுதி இருந்தால் உரிமையாகவே வரும். ஜார்ஜ் வாஷிங்டன் 1782-ல் ஏற்படுத்திய பழைய பேட்ஜை அவருடைய இருநூறாவது பிறந்த நாளன்று, 1932 பிப்ரவரி 22-ல் மறுபடி உயிர்ப்பித்தார்கள், அதனால்தான் அதில் அவர் தலை இருக்கிறது. கேட்பது மூன்று விஷயம்: காயம் எதிரியின் செயலால் வந்திருக்க வேண்டும், மருத்துவ அதிகாரி சிகிச்சை செய்ய வேண்டிய அளவுக்கு இருந்திருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அப்போதே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அண்ணனுக்கு முதல் இரண்டும் இருக்கிறது. சிக்கல் மூன்றாவதில். 1968 மார்ச் என்றால் டெட் தாக்குதல் இன்னும் ஓயாத நேரம், மருத்துவமனையில் ஆள் மேல் ஆள் வந்து விழுந்துகொண்டிருந்த காலம், இரண்டு வாரத்தில் நடந்து வெளியே போன ஒருவருக்கு யார் உத்தரவு அடித்தார், யார் அடிக்கவில்லை என்று எவர் பார்த்தார்? வியட்நாமில் மருத்துவமனைத் தலைவரே அந்தப் பதக்கத்தைக் கொடுக்கலாம் என்று இருந்தது. அவர் கொடுத்திருப்பார் என்று பிரிவில் விட்டிருப்பார்கள், பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று மருத்துவமனையில் விட்டிருப்பார்கள். நம் ஊர் ஆபீஸ்களில் பார்க்காததா.

எக்ஸ்ரே நல்ல சான்றுதான், ஆனால் அது துண்டு உள்ளே இருப்பதை மட்டும் சொல்லும், எப்போது, எதனால் ஏறியது என்று சொல்லாது. அண்ணனுடைய பழைய தோழர்கள் இன்று எழுதித் தரும் சாட்சிக் கடிதமும் அப்படித்தான், துணைக்கு உதவும், தனியாக நிற்காது. முடிவு செய்கிறவர்கள் தேடுவது அன்றைய தாள். அதனால் முதல் வேலையாக அண்ணனுடைய முழுக் கோப்பையும் செயின்ட் லூயிஸிலிருந்து வரவழையுங்கள். எஸ்எஃப் 180 என்ற படிவம், அவரே கையெழுத்துப் போட வேண்டும், தபாலில் அனுப்பலாம். பதக்கப் பக்கம் மட்டும் போதும் என்று கேட்டுவிடாதீர்கள், மருத்துவப் பதிவையும் சேர்த்து முழுவதும் கேளுங்கள். வந்ததும் டிஏ படிவம் 20 என்ற அட்டையைத் தேடுங்கள், அதில் 40-வது கட்டம் காயங்களுக்கானது. அங்கே ஒரு வரி இருந்தால், கிட்டத்தட்ட பாதி வேலை முடிந்தது. அது வெறுமையாக இருந்தால் மார்னிங் ரிப்போர்ட் கேளுங்கள். கம்பெனி என்ற ஒவ்வொரு சிறு படைப்பிரிவும் தினமும் காலையில் யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில் என்று எழுதிய தாள் அது, செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறது. பிரிவின் பெயரும் மாதமும் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே, பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனின் தினசரிக் குறிப்பேடு, மணி வாரியாக எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு என்ன வெடித்தது, எத்தனை பேருக்குக் காயம் என்று எழுதியது, அது மேரிலாந்தில் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். அதில் ஆள் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஆனால் தேதியும் இடமும் வெடியும் மார்னிங் ரிப்போர்ட்டோடு பொருந்தினால் அது பேசும்.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது, இதை அவர்களுடைய வழிகாட்டி எதிலும் நீங்கள் பார்க்க முடியாது. நம் பெயர். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டு போனவரை அந்த ஊர் எழுத்தர் என்ன செய்வார்? ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவார், இன்னொருவர் அண்ணன் பெயரையே குடும்பப் பெயராக்கி அப்பாவை முன்னால் தள்ளுவார், மூன்றாமவர் நீளத்தைப் பார்த்துப் பயந்து பாதியை வெட்டிவிடுவார். எங்கள் வீட்டிலேயே என் அப்பா பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, தோட்டப் பதிவேட்டில் ஒரு மாதிரி, பென்ஷன் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. இந்தியர் என்றால் எல்லாருக்கும் சிங் என்று பெயர் இருக்கும் என்று நம்பிய எழுத்தர்கள் இருந்த உலகம் இது. ஆகவே 'காயம்பட்டோர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை' என்று பதில் வந்தால் உடனே சோர்ந்துவிடாதீர்கள், எந்தப் பெயரில் தேடினார்கள் என்று கேளுங்கள். அதைவிட மேல், எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். 1969 ஜூலை வரை தரைப்படையில் தனியாக ராணுவ எண் கொடுத்தார்கள், கட்டாயச் சேவையில் வந்தவர்களுக்கு யுஎஸ் என்று தொடங்கும், அதன் பிறகுதான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறினார்கள். அண்ணனுடைய 1968 தாள்கள் எல்லாம் பழைய எண்ணில் இருக்கும். கடிதத்தில் இரண்டு எண்ணையும், பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வீடு. அமெரிக்காவில் இல்லாத சான்று ஆயர் ஈத்தாமில் இருக்கலாம். அண்ணன் வியட்நாமிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் போட்டிருப்பார் இல்லையா? அம்மாக்கள் அந்த மாதிரிக் கடிதங்களைத் தூக்கிப் போட மாட்டார்கள். பிஸ்கட் டின், சாமி அலமாரியின் அடித்தட்டு, பழைய சேலைக்கு நடுவில், எல்லாம் பாருங்கள். 'தோளில் சின்ன அடி, பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதுகிறேன்' என்று 1968 மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு வரி எழுதியிருந்தால், உறையில் ஏபிஓ சான் பிரான்சிஸ்கோ என்ற ராணுவத் தபால் முகவரியும் தேதி முத்திரையும் இருந்தால், இன்று பத்துப் பேர் எழுதும் சாட்சியைவிட அதற்கு எடை அதிகம், ஏனென்றால் பதக்கம் கேட்கும் எண்ணமே இல்லாதபோது எழுதியது அது. காயம் பற்றி வீட்டுக்குத் தந்தி வந்திருந்தால் இன்னும் நல்லது. தமிழில் எழுதிய கடிதமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து வையுங்கள், மூலத்தை அனுப்பவே கூடாது, பிரதி மட்டும். அந்தக் காலத்தில் வியட்நாமிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்களை ஓய்வுக்குப் பினாங்குக்கே அனுப்புவார்கள், வயதானவர்களைக் கேட்டால் ஜார்ஜ்டவுனில் அவர்கள் சுற்றியதைச் சொல்வார்கள். உங்கள் அண்ணனும் அப்படி ஓய்வு விடுப்பில் ஊருக்கு வந்து அம்மாவைப் பார்த்திருந்தால், அன்று ஸ்டூடியோவில் எடுத்த படம் ஏதாவது, பின்னால் தேதி முத்திரையோடு, அதையும் எடுத்து வையுங்கள். தழும்பு தெரிந்தால் சரி, தெரியாவிட்டாலும் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் சேர்த்து அனுப்பிக் கேட்ட பிறகும் ராணுவ அலுவலகம் முடியாது என்றால்தான் வாரியம். ராணுவப் பதிவுத் திருத்த வாரியம் என்று ஒன்று இருக்கிறது, சிவில் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பது, விண்ணப்பம் டிடி 149. மற்ற வழிகளைப் பார்க்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை தெரிந்து மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம், ஆனால் நியாயத்துக்காக அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு, பழைய போர்களின் வழக்குகளைக் காலம் கடந்தும் கவனித்திருக்கிறார்கள். 'எப்போது தெரிந்தது' என்ற கட்டத்தில் பொய் எழுத வேண்டாம். அன்றே பார்த்தேன், அப்போது 22 வயது, உயிரோடு வந்ததே போதும் என்றிருந்தது, கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, இப்படியே எழுதச் சொல்லுங்கள். பதிவு சரியாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வாரியம் ஆரம்பிக்கும், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. விண்ணப்பத்தை இரண்டு பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள், முதல் பக்கத்தில் தேதி, இடம், காயம், எந்த இணைப்பில் எந்தச் சான்று. போரைப் பற்றிய கோபம், அதிகாரிகள் மேல் வருத்தம், இதெல்லாம் நம்மிடம் சொல்லட்டும், உட்கார்ந்து கேட்போம், அந்தத் தாளில் வேண்டாம். முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். இல்லை என்று வந்தாலும், புதிய சான்று கிடைத்தால் மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோள் வலிக்கிறதா, கை தூக்க முடிகிறதா? பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும், காயம் பணியில் ஏற்பட்டது என்று அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறை ஏற்றுக்கொண்டால் மாத உதவித்தொகை உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காயத்தின் சிகிச்சைச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் திட்டமும் உண்டு. அது தனி விண்ணப்பம், பதிவுத் திருத்த வாரியத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 79 வயதில் நானாக இருந்தால் முதலில் அதைத்தான் போடுவேன், ஆனால் உங்கள் அண்ணன் பதக்கத்தைத்தான் முதலில் கேட்பார் என்று தெரிகிறது.

கேள்வி: செந்தூலிலிருந்து எழுதுகிறேன் சார். எங்கள் தாத்தா, மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், ஒரு தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தார். அவருடைய வெள்ளிப் பதக்கம் ஒன்று இருக்கிறது, மேலே ஒரு பட்டையில் மலாயா என்று ஆங்கிலத்தில். விளிம்பில் தாத்தா பெயர் தப்பாக இருக்கிறது. மாமா அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெயரையும் நகைக்கடையில் சரியாக வெட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: மாமாவை வாசலிலேயே நிறுத்தும்மா!

அது பிரிட்டிஷ் ஜெனரல் சர்வீஸ் மெடல். மலாயா என்ற பட்டை 1948 ஜூன் 16-லிருந்து 1960 ஜூலை 31 வரை அவசரகாலச் சேவைக்குக் கொடுத்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், பல வீடுகளில் அதற்குச் சாட்சியாக இந்த ஒரு வட்டம்தான் மிச்சம். விளிம்பில் இருப்பது பெயர் மட்டுமா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார், முன்னால் ஓர் எண் இருக்கும், பதிவேட்டில் ஆளைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி. எங்கே எழுதிக் கேட்பதானாலும் எண்ணை முதலில் எழுது. நகைக்கடையில் கை வைத்துப் பெயரை மாற்றிவிட்டால் பதிவேட்டில் ஒரு பெயர், பதக்கத்தில் ஒரு பெயர் என்றாகி, அது யாருடையது என்றே நாளைக்குச் சந்தேகம் வரும். தப்பாக இருக்கிற பெயர்தான் அது தாத்தாவுடையது என்பதற்கு அடையாளம், விட்டுவிடு. முன்பக்கத்தில் அரசர் தலையா அரசி தலையா என்றும் பார்த்து வை. ஆறாம் ஜார்ஜ் இறந்தது 1952-ல், அரசர் தலை என்றால் தாத்தா ஆரம்ப வருஷங்களிலேயே சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது, சாம்பலும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். ஊதாவும் பச்சையுமான ரிப்பன் பழசாகியிருந்தால் அதைக் கழற்றாமல் அமிலமில்லாத தாளில் சுற்றி ஒரு பெட்டியில் வை. தாத்தாவோடு அதே தோட்டத்தில் இருந்த கிழவர் யாராவது இன்னும் இருந்தால் இந்த வாரமே போய்ப் பார்த்துவிடு, தைப்பூசம் கழியட்டும் என்று தள்ளிப் போடாதே, போகும்போது பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு போ.